நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? ரூட் கெனாலுக்குப் பிறகு

கேள்வி, ஜூலை 22, இரவு 11.40

கீழே கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடித்து நாலு நாள் ஆகிறது. நரம்பை முழுசாக எடுத்தாச்சு, இனி அந்தப் பல்லுக்கு வலியே தெரியாது என்று டாக்டர் சொன்னார். வலிக்கிறது. மேல் பல் லேசாகப் பட்டாலே சுருக்கென்கிறது. அப்படியானால் நரம்பை மிச்சம் வைத்துவிட்டார்களா? காசையும் கொடுத்து ஏமாந்துவிட்டேனா? தூக்கம் வரவில்லை, செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், ஜூலை 23, காலை 6.15

தம்பி, பல்லுக்குள்ளே இருந்த நரம்பைத்தான் எடுத்தார்கள். பல்லைச் சுற்றி இருப்பதை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அதற்குத் தனி நரம்பு உண்டு. சோற்றில் பொடிக்கல் அகப்பட்டால் நமக்கு உடனே தெரிகிறதே, அது அந்தப் படலத்தின் வேலை. உங்கள் பல் சொத்தையாகி, உள்ளே அழுகி, வேர் நுனி வழியாகக் கசிந்து அந்த இடம் முன்பே புண்ணாகத்தான் இருந்திருக்கும். அதற்கு மேல் டாக்டர் ஊசி மாதிரி ஃபைலை விட்டுச் சுரண்டி, கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் தண்ணீர் விட்டுக் கழுவி, நுனி வரைக்கும் அடைத்திருக்கிறார். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஊன்றினால் உயிர் போகிறது.

நாலாம் நாள் வலி இருப்பது ஊரில் நடக்காத விஷயம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011ல் ஒரு கட்டுரை வந்தது. ரூட் கெனால் முடிந்த முதல் நாளில் வலி என்றவர்கள் நூற்றுக்கு 40 பேர், ஒரு வாரம் கழித்தும் வலி என்றவர்கள் 11 பேர். ஆக ஒரு வாரம் தாண்டியும் கொஞ்சம் பேருக்கு இருக்கத்தான் செய்கிறது. வலி எவ்வளவு என்று அளந்துகொண்டே இருக்காதீர்கள். எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நேற்றைவிட இன்று ஒரு பிடி குறைந்திருந்தால் சரி. குறைந்து வந்தது திடீரென்று ஏறினால்தான் யோசிக்க வேண்டும்.

டாக்டர் "வலியே தெரியாது" என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "சில நாள் வலிக்கும், பிறகு குறையும்" என்று அரை நிமிஷம் சொல்லியிருந்தால் நீங்கள் பாதி ராத்திரியில் இங்கே வந்து எழுத வேண்டியிருக்காது.

ஜூலை 23, காலை 6.30

நாக்கை அந்தப் பல்லிலிருந்து எடுங்கள். விரலால் தட்டிப் பார்ப்பது, செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்ப்பது, இதெல்லாம் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் செய்தேன். புண்ணான இடத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டினால் அது எப்படி ஆறும்?

ஜூலை 23, இரவு 9.50

மத்தியானம் சாப்பிடும்போது உங்கள் கேள்வியில் ஒரு வரி திரும்ப மனசில் வந்தது. "மேல் பல் லேசாகப் பட்டாலே." இதைக் காலையில் நான் சும்மா தாண்டிவிட்டேன், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கும்போல.

எனக்கு முதல் தரம் கீழ்ப்பல்லில் செய்தபோது இதே கதைதான். சும்மா இருந்தால் வலியே கிடையாது, வாயை மூடினால் மட்டும் சுளீர். தொலைபேசியில் கேட்டால் ரிசப்ஷனில் இருந்த பெண் "அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் பாருங்க" என்று ஒரே பாட்டு. பிறகு நேரில் போய் உட்கார்ந்தபோது டாக்டர் ஒரு நீலக் காகிதத்தை வைத்து "கடிங்க, அப்படியே பக்கவாட்டில் தேய்ங்க" என்றார். மேலே அடைத்திருந்த தற்காலிக சிமெண்ட் ஒரு முடி உயரம் தூக்கலாக இருந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் நீலம் கெட்டியாக ஒட்டியிருந்தது, லேசாகத் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான். அன்று ராத்திரியே சப்பாத்தி சாப்பிட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் உண்மையில் தயிர் சாதம்தான். மறுநாள் நிஜமாகவே பாதி வலி இல்லை.

சிமெண்ட் வைத்த அன்றே இது ஏன் தெரிவதில்லை என்றால், அப்போது தாடை மரத்துக் கிடக்கிறது. "சரியா இருக்கா?" என்று கேட்கிறார்கள், நாமும் வாய் கோணிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். மரப்பு போனதும் ஒவ்வொரு கடிக்கும் பாரம் முழுக்க அந்த ஒரு பல்லின் மேல் விழுகிறது. புண்ணான படலத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

போன் செய்யும்போது "வலிக்குது" என்று சொல்லாதீர்கள், அதற்கு அவர்களிடம் தயார் பதில் இருக்கிறது. "வாயை மூடினால் இந்தப் பல்தான் முதலில் இடிக்குது, பைட் செக் பண்ணணும்" என்று சொல்லுங்கள். நாளைக்கே வரச் சொல்வார்கள்.

ஜூலை 24, மாலை 4 மணி

மாத்திரை பற்றிக் கேட்ட அக்காவுக்கு. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது எதுவோ அதுதான் முதல் பதில். பொதுவாக இந்த வலிக்கு ஐபுப்ரோஃபென் 400, அதோடு பாராசிட்டமால் என்று இரண்டும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தனித்தனியாகப் போடுவதைவிடச் சேர்த்துப் போட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் வேண்டாம். பல்வலி என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குகிற ஆட்கள் நம் வீட்டில் எல்லாம் உண்டு, பிறகு வயிறு எரிகிறது என்று இன்னொரு மாத்திரை.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் ஐபுப்ரோஃபென் பக்கம் கேட்காமல் போகக் கூடாது. டெங்கு சீசனில் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் நிச்சயம் போகக் கூடாது.

ஜூலை 24, மாலை 4.20

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காம்பிஃப்ளாம் போடுபவர்கள் கவனிக்க, அதற்குள் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டுமே இருக்கின்றன. அது தெரியாமல் மேலே ஒரு டோலோ 650 போட்டால் பாராசிட்டமால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே நாள் முழுக்கச் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

ஜூலை 24, இரவு 10 மணி

மெடிக்கலில் போய் "பல்லு வலி" என்று சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன், குறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, மூன்று நாளில் அது தானாகவும் குறைந்திருக்கும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றுதான் பல் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு மது குடித்தால் என்ன பாடுபடுத்தும் என்று தனியாக எழுதலாம், ஆனால் இங்கே யாரும் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் வருகிறது, வாய் திறக்க முடியாமல் போகிறது என்றால் அன்றைக்கே டாக்டர். விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, வீக்கம் கண்ணை நோக்கி ஏறுகிறது என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இதில் நடுராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை எதுவும் கணக்கில்லை.

ஜூலை 26, காலை

தம்பி போய்விட்டு வந்துவிட்டார், தூக்கலாகத்தான் இருந்ததாம், தேய்த்துவிட்டார்களாம். நல்லது.

இப்போது புதுக் கவலை. எக்ஸ்ரேயை போட்டோ எடுத்துப் போட்டு "உள்ளே வெள்ளையாக மூன்று கம்பி தெரிகிறது, ஊசியை உடைத்து உள்ளேயே விட்டுவிட்டார்களா" என்று கேட்கிறார். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது கம்பி இல்லை, கட்டா பெர்ச்சா. சுத்தம் செய்த வேர்க்குழாயை அடைக்கிற இளஞ்சிவப்பு நிறக் குச்சி. கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்குச் சாதாரணமாக இரண்டு வேர், மூன்று குழாய் இருக்கும், சிலருக்கு நான்கு. உங்களுக்கு மூன்று கோடு தெரிகிறது என்றால் மூன்றையும் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோடு வேர் நுனிக்குப் பக்கத்தில் வரைக்கும் போயிருந்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஃபைல் உடைவதும் நடக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. நடந்தால் நோயாளியிடம் சொல்ல வேண்டும், நல்ல டாக்டர்கள் சொல்கிறார்கள். உடைந்த துண்டு உள்ளே இருந்தாலே பல் போச்சு என்றும் அர்த்தம் இல்லை. குழாய் அதற்கு முன்பே எவ்வளவு சுத்தமாகியிருந்தது என்பதைப் பொறுத்தது.

ஜூலை 26, மத்தியானம்

வேலை ஓடவில்லை, கட்டா பெர்ச்சாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். மலேயா பக்கத்து மரம் ஒன்றின் பால் அது. 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் சுற்றியது இதைத்தான். கோல்ஃப் பந்துகூட இதில் செய்தார்கள். இங்கிலீஷ் கால்வாயில் கம்பிக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்ட பொருளுக்கு நம் கடைவாய் ஒரு பொருட்டா!

ஜூலை 27

அந்தக் குச்சி முழுக்க மரப்பால் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பால் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு, அதோடு எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் மாதிரி உப்புகள். வெள்ளையாகத் தெரிவது அதனால்தான்.

ஜூலை 30, இரவு

கிராம்புத் தைலம் வைக்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் மாமியாரும் இதையேதான் சொன்னார், பஞ்சோடு வந்து நின்றார். உயிருள்ள நரம்பு துடிக்கிறபோது அது கொஞ்சம் மரக்க வைக்கும், சரி. இங்கே அந்த நரம்பே இல்லை, வலி வேர் நுனிக்கு வெளியே எலும்புப் பக்கம் இருக்கிறது, மேலே பஞ்சு வைத்தால் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? ஈறு வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். கிளினிக்கில் அடிக்கிற கிராம்பு வாசனை வேறு, தற்காலிக சிமெண்ட் சிலவற்றில் அந்தத் தைலத்தின் சாரமான யூஜினால் உண்டு.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது நல்லது. அதுவும் சிகிச்சை செய்த அன்றைக்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், உதடு மரத்திருக்கும்போது சூடு தெரியாது.

ஆகஸ்ட் 1

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை மங்கும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்களாம். இந்தப் பயத்துக்கு எங்கள் வீட்டிலும் வயது அதிகம். பார்வை நரம்பு கண்ணிலிருந்து தனியாக மூளைக்குப் போகிறது. பல்லுக்கு வருவது முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற வேறொரு நரம்பு. அது மூன்றாகப் பிரிந்து ஒரு கிளை நெற்றி, கண் பக்கமும், ஒன்று மேல் தாடைக்கும், ஒன்று கீழ்த் தாடைக்கும் போகிறது. ஒரே வீட்டுப் பங்காளி என்பதால் மேல் பல் வலித்தால் கண்ணுக்குக் கீழேயும் தெறிக்கும், பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய காலத்தில் கோரைப்பல் சீழ் பிடித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கண் மூடிப்போனவர்களைப் பார்த்து இந்தப் பேச்சு வந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படிப் பார்த்தால் ஆபத்து சிகிச்சையில் இல்லை, சிகிச்சை செய்யாமல் விட்ட சீழில்.

அடுத்து வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற "ரூட் கெனால் செய்தால் புற்றுநோய்". இதன் வேர் அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் வரை போகிறது. 1920களில் அவர் நோயாளிகளிடம் பிடுங்கிய ரூட் கெனால் பற்களை முயலின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்து, உடம்பில் வருகிற பாதி நோய்க்கு இந்தப் பற்கள்தான் காரணம் என்றார். அதை நம்பி அங்கே எத்தனையோ பேரின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பிறகு வந்தவர்கள் ஒழுங்கான ஒப்பீட்டோடு செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. நூறு வருஷப் பழைய சரக்கு, புது பார்வர்டு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபம் பக்கம் கூட்டத்தில் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இந்த மாசத்தில் ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள், தெருவுக்குத் தெரு கூழ். ஆறவைத்துக் குடியுங்கள். கூடவே கொடுக்கிற கருவாட்டை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளி மெல்லுங்கள்.

இட்லி, ரசம் சாதம், பொங்கல், அவித்த முட்டை, எதுவும் தப்பில்லை. பட்டினி கிடக்கத்தான் கூடாது, அதுவும் சர்க்கரைக்காரர்கள். சர்க்கரை எகிறி இருந்தால் புண் ஆறுவதும் மெதுவாகத்தான். தற்காலிக அடைப்பு மேலே கொஞ்சம் தேய்ந்து, பொடிப்பொடியாகக் கரகரவென்று நாக்கில் பட்டால் பயம் வேண்டாம். கட்டியாகக் கழன்று விழுந்து குழி தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை விடாதீர்கள், எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை அத்தனையும் வீண். பல் தேய்க்காமல் விட்டவர் யாரோ ஒருவர் கேட்டிருந்தார், தேய்க்க வேண்டும், அந்தப் பல்லையும் சேர்த்து, மெதுவாக.

ஆகஸ்ட் 5

இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்கிறவருக்கு. கீழ்ப்பல்லுக்கு ஊசி போடுவது தாடையின் பின்மூலையில், அங்கே ஒரு மெல்லும் தசை பக்கத்திலேயே இருக்கிறது, ஊசி பட்டு அது இறுகிக்கொள்வது உண்டு. வெளியே வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் பழக்கம், சில நாளில் சில வாரத்தில் விடும். ஆனால் நான் 24ஆம் தேதி எழுதியதைப் படியுங்கள். வீக்கமோ காய்ச்சலோ கூட இருந்தால் ஒத்தடத்தோடு நிற்காமல் அன்றைக்கே டாக்டர்.

உதடு மரத்தது மறுநாளும் போகவில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14

தம்பி, வலி போய்விட்டது, இனி பல்லை மூடுகிற கேப் எதற்கு, அது அவர்கள் வசூலுக்காகத்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பு தூக்கமில்லாமல் இருந்த ஆள் இப்போது பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் ஓரளவு நினைக்கிறேன். முன்பல்லில் சின்ன ஓட்டை போட்டு மட்டும் செய்திருந்தால் பெரும்பாலும் ஃபில்லிங்கே போதும், அங்கே கேப் கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கடைவாய் அப்படி இல்லை. சொத்தை தின்றது போக, உள்ளே போக வழி செய்ததும் போக, மிச்சம் நிற்பது நாலு பக்கச் சுவர். மெல்லுகிற பாரம் முழுக்க அதன் மேல்தான். நெடுக்காக வேர் வரை விரிசல் விட்டால் மறுபடி ரூட் கெனால் எல்லாம் கிடையாது, பிடுங்க வேண்டியதுதான். 2002ல் வந்த ஒரு ஆய்வில் கேப் போடாத ரூட் கெனால் பற்கள், போட்டவற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் போய்விட்டன.

காசுதான் தடை என்றால் எல்லாரும் பல் நிறத்தில் இருக்கிற ஜிர்கோனியா கேப் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. சிரிக்கும்போது தெரியாத கடைசிப் பல்லுக்கு வெறும் உலோகக் கேப் போதும், உழைக்கும், பல்லையும் குறைவாகத் தேய்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1953லிருந்து நடக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், மாணவர்கள் செய்வார்கள், நேரம் பிடிக்கும், ஆனால் பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

கோகுலாஷ்டமி வருகிறது. கேப் போடும்வரை சீடையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டுச் சீடை கேப் போட்ட பல்லையே சோதிக்கும்.

செப்டம்பர் 9

கேப் போட்ட பிறகும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று ஒருவர். நரம்பு எடுத்த பல்லுக்குக் குளிர்ச்சி தெரியாது. பக்கத்துப் பல்லாக இருக்கலாம், அல்லது ஒரு குழாய் விட்டுப்போயிருக்கலாம். மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லில் நாலாவதாக ஒரு சின்னக் குழாய் ஒளிந்திருப்பது பிரசித்தம். எந்தப் பல் என்று நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரை ஒவ்வொன்றாகக் குளிர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சளி பிடித்திருக்கும்போது மேல் பற்கள் மொத்தமாகக் கனப்பது வேறு கதை. கன்னத்தின் சைனஸ் அறைக்குத் தரையே அந்த வேர்கள் பக்கம்தான், குனிந்தால் வலி கூடும்.

நவம்பர் 18

வேர் நுனியில் கறுப்பு நிழல் இன்னும் இருக்கிறது, அப்படியே இருக்கிறது என்று தம்பி புது எக்ஸ்ரே எடுத்து அனுப்பியிருக்கிறார். வலி இல்லை, வீக்கம் இல்லை, மெல்ல முடிகிறது. நிழல் என்பது சீழ் அரித்த எலும்பு. கிருமி போனதும் எலும்பு வளர்ந்து நிரம்ப வேண்டும், அது மாசக்கணக்கு. ஒரு வருஷம் கழித்துப் பார்ப்பது முறை, முழுசாக மறையாவிட்டால் நாலு வருஷம் வரைகூடத் தொடர்ந்து பார்க்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. இடையில் ஈறில் கொப்புளம் மாதிரி வந்து வந்து உடைந்தால், வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும்.

சிகிச்சை முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை கிளினிக்கில் கேட்டு வாட்ஸ்ஆப்பில் வாங்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய படம் இல்லாமல் புதுப் படத்தை மட்டும் காட்டினால் நிழல் குறைந்ததா கூடியதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.